வேலை செய்த மருந்து

"அத விஷம்னீங்க. இப்ப அதே மாதிரி ஒன்னக் குடுத்துட்டு மருந்துங்கறீங்க. எதுப்பா நெசம்?"

அரசு மருத்துவமனை ஒன்றின் மருந்தகத்துக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பாட்டி இப்படிக் கேட்டார். மடியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பை, அதற்குள் வெள்ளை மாத்திரைகள். பையின் மேல் அவருடைய பெயர், மாத்திரையின் பெயர், காலையில் எத்தனை, எத்தனை நாளைக்கு என்றெல்லாம் அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். நான் "வாங்க பாட்டி, கார் வெயில்ல நிக்குது" என்று பேச்சை மாற்றிவிட்டேன். பதில் தெரியவில்லை என்பதுதான் உண்மை. அன்றைக்குச் சொல்லாத பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

பாட்டிக்கு இரண்டு முட்டியும் தேய்மானம். பள்ளிக்கூடக் கேண்டீனில் இருபது வருஷத்துக்கு மேல் நின்றுகொண்டே வேலை பார்த்தவர். கிளினிக்கில் கொடுத்த வலி மாத்திரையும் தடவுகிற மருந்தும் பெரிதாகக் கேட்கவில்லை. ஒருநாள் இரவுச் சந்தையில் தமிழர் ஒருவரிடம் ஒரு புட்டி வாங்கி வந்தார். அறுபது வெள்ளி. பச்சை லேபிள், இலைப் படம், நூறு விழுக்காடு மூலிகை, பக்கவிளைவு இல்லை. லேபிளில் இருந்ததெல்லாம் மலாயும் ஆங்கிலமும். வியாபாரி சொன்னது தமிழில். "எங்க அம்மாவுக்கும் இதே முட்டிதாம்மா" என்றாராம்.

நாலே நாளில் வலி குறைந்தது. சும்மா சொல்லக்கூடாது, எங்களுக்கே ஆச்சரியம். அந்த வருஷத் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையின் 513 படிகளையும் பாட்டி ஏறினார். உச்சியில் நின்று ஜார்ஜ்டவுனையும் கடலையும் பார்த்துக்கொண்டிருந்தவரை நான் படம் பிடித்தேன். அந்தப் படத்தில் அவர் முகம் நன்றாக உருண்டு பளபளப்பாக இருக்கிறது. "பாட்டி பூசினாப்பல ஆயிட்டாங்க" என்று சொந்தக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள். அது சந்தோஷப்பட வேண்டிய விஷயம் இல்லை என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. சீனி ஏறியது. கையில் லேசாக இடித்தாலே நீலம் பூத்தது. வயசு என்றோம்.

பிறகொரு நாள் சித்தி வாட்சாப்பில் சுகாதார அமைச்சின் எச்சரிக்கை ஒன்றை அனுப்பினார். கலப்படம் கண்டுபிடிக்கப்பட்ட பொருள்களில் எங்கள் புட்டியும் ஒன்று. உள்ளே இருந்தது டெக்ஸாமெத்தசோன் என்கிற ஸ்டீராய்டு. பாட்டி அன்றைக்கே நிறுத்தினார். நல்லதுதான் செய்தோம் என்று நினைத்தோம். சில நாளில் எழுந்து நின்றால் தலைசுற்றல், வாந்தி, கை தூக்க முடியாத அசதி. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். உடம்பு தானாகவே கார்ட்டிசால் என்ற ஒன்றைச் சுரக்கிறது. டெக்ஸாமெத்தசோன் அதைவிடச் சுமார் 25 மடங்கு வீரியமானது. வெளியிலிருந்து மாதக்கணக்கில் வந்துகொண்டிருந்தால் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிடும். மருந்தைத் திடீரென்று விட்டால் உடம்பில் இரண்டுமே இல்லாமல் போகும். அதனால் இப்போது அதே குடும்பத்து மருந்தை அளவாகக் கொடுத்து, வாரம் வாரமாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். பாட்டி மடியில் வைத்திருந்தது அதுதான். அவர் கேட்டதில் தப்பே இல்லை. முதல் புட்டியில் ஸ்டீராய்டு, இரண்டாவது பையிலும் ஸ்டீராய்டு. பிறகு எது நெசம்?

*

அரசாங்கம் என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் மருந்துகளைப் பதிவு செய்யாமல் விற்கக் கூடாது என்பது 1984ஆம் ஆண்டு மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிகளின் அடிப்படை. 1992 முதல் பாரம்பரிய மருந்துகளும் இதற்குள் வந்தன. பதிவான பொருளுக்கு எம்ஏஎல் என்று தொடங்கி எட்டு இலக்கங்களோடு ஓர் எண் கிடைக்கும். பாரம்பரிய மருந்து என்றால் கடைசியில் டி என்ற எழுத்து. ஹோலோகிராம் வில்லையும் ஒட்டியிருக்க வேண்டும். தேசிய மருந்து ஒழுங்குமுறை முகமையின் இணையதளத்தில் எண்ணைத் தட்டிப் பார்த்தால் பொருள் உண்மையில் பதிவானதா என்று தெரிந்துவிடும். மீறினால் தனியாளுக்கு முதல் தடவை 25,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டுச் சிறை, அல்லது இரண்டும். நிறுவனத்துக்கு 50,000 ரிங்கிட் வரை. விளம்பரத்துக்குத் தனிச் சட்டம் இருக்கிறது, 1956ஆம் ஆண்டுச் சட்டம். நீரிழிவு, புற்றுநோய், சிறுநீரக நோய் போன்றவற்றைக் குணப்படுத்துவதாக யாரும் விளம்பரம் செய்யக் கூடாது என்கிறது அது.

கலப்படப் பட்டியல்களைத் தொடர்ந்து பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். வலிக்கு விற்கிற 'மூலிகை'யில் டெக்ஸாமெத்தசோன். ஆண்மைக்கு விற்பதில் சில்டெனாபில். உடல் இளைக்க விற்பதில் சிபுட்ரமின், அதாவது இதய ஆபத்தின் காரணமாக 2010இல் பல நாடுகளில் சந்தையிலிருந்து எடுக்கப்பட்ட மருந்து. போலி என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு வெறும் மாவும் சாயமும்தான் நினைவுக்கு வரும். இவை அப்படி இல்லை. இவை வேலை செய்யும். வேலை செய்ய வேண்டும் என்பதற்காகவேதான் கலக்கிறார்கள்.

*

போலி மருந்து என்றதும் அமெரிக்கர்கள் பாம்பு எண்ணெயைச் சொல்வார்கள். கிளார்க் ஸ்டான்லி என்பவர் பாம்பு எண்ணெய் என்று ஊர் ஊராக விற்றார். 1906ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகு அரசு அதைச் சோதித்தது. கனிம எண்ணெய், கொஞ்சம் மாட்டுக் கொழுப்பு போன்ற ஒன்று, மிளகாய்ச் சாறு. பாம்பே இல்லை. அபராதம் 20 டாலர். அவர் செய்த குற்றம் என்ன? பாம்பு எண்ணெய் மூட்டுவலியைத் தீர்க்காது என்பதா, புட்டியில் பாம்பு எண்ணெய் இல்லை என்பதா?

இது குதர்க்கம் இல்லை. அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1911இல் இந்தக் கேள்வியில் சிக்கியது. புற்றுநோயைத் தீர்ப்பதாக மருந்து விற்ற ஜான்சன் என்பவரின் வழக்கு அது. புட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பொய் சொன்னால்தான் சட்டம் தண்டிக்கும், அது என்ன செய்யும் என்று சொல்வதை இந்தச் சட்டம் தொடவில்லை என்று நீதிபதி ஹோம்ஸ் தீர்ப்பெழுதினார். குணம் பற்றிய பேச்சு கருத்து வேறுபாட்டுக்கு உரியது என்பது அவர் எண்ணம். நீதிபதி ஹியூஸ் உடன்படவில்லை. அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. ஆனால் ஏமாற்றும் நோக்கம் இருந்ததாக நிரூபிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே வந்தது.

ஆக லேபிளில் இரண்டு பொய்கள் இருக்கலாம். 'இது உன்னைக் குணப்படுத்தும்' என்ற பொய் ஒன்று. 'இதற்குள் இருப்பது இதுதான்' என்ற பொய் இன்னொன்று. ஸ்டான்லி இரண்டையும் சொன்னார். பாட்டிக்கு விற்றவர் இரண்டாவதை மட்டும்தான் சொன்னார். வலி போகும் என்றார், போனது. எனக்கு இதுதான் சிக்கலான இடம். பலன் உண்மையாக இருக்கும்போது, உள்ளே இருப்பது மூலிகையா ரசாயனமா என்பது அவ்வளவு பெரிய விஷயமா?

அந்த வியாபாரி கொஞ்சம் படித்தவராக இருந்தால் திருக்குறளையே சாட்சிக்கு அழைக்கலாம். குற்றமற்ற நன்மை தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்று வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் சொல்கிறார். 'ஒரு கிழவியை 513 படி ஏற வைத்தேன், இது நன்மை இல்லையா?' என்று அவர் கேட்டால்?

வள்ளுவர் நன்மைக்கு முன்னால் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறார். குற்றம் தீர்ந்த நன்மை. சீனி ஏறியதையும் அட்ரினல் தூங்கிப்போனதையும் காட்டி, இது அப்படிப்பட்ட நன்மை இல்லை என்று வழக்கை முடித்துவிடலாம். நானும் முதலில் அப்படித்தான் முடித்தேன். பிறகு அது போதாது என்று தோன்றியது. பாட்டிக்கு ஒன்றுமே ஆகவில்லை என்று வைத்துக்கொள்வோம். முகம் உருளவில்லை, சீனி ஏறவில்லை, ஒருநாள் தூக்கத்தில் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார். அப்போது மட்டும் அவருக்கு யாரும் அநியாயம் செய்யவில்லை என்றாகிவிடுமா?

*

1948இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் நடக்கவே முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்கு கார்ட்டிசோன் ஊசி போட்டார். சில நாட்களில் அந்தப் பெண் எழுந்து நடந்தார். மருத்துவ உலகமே வாய் பிளந்தது. 1950இல் ஹென்ச் உட்பட மூன்று பேருக்கு நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் பாட்டியின் தைப்பூசமும் அந்தப் பெண்ணின் நடையும் ஒரே அற்புதம்தான். ஆனால் அங்கே எல்லாருக்கும் தெரிந்தே மருந்து போனது. அதனால்தான் முகம் உருண்டபோது, எலும்பு மெலிந்தபோது, மருந்தை நிறுத்தியதும் வலி திரும்பியபோது, இது கார்ட்டிசோனின் வேலை என்று மருத்துவர்களால் கண்டுபிடிக்க முடிந்தது. எவ்வளவு கொடுக்கலாம், எப்படிக் குறைக்கலாம் என்ற அறிவு அப்படி வளர்ந்ததுதான். பாட்டியின் பையில் ஒட்டியிருந்த தாளில் 'காலையில் இத்தனை' என்று எழுத முடிந்ததே அந்த நோயாளிகளால்தான்.

பாட்டியின் உடம்பிலிருந்து யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியவில்லை. கிளினிக்கில் சீனி ஏறியதைப் பார்த்த டாக்டர், "சோறு கொறைங்க பாட்டி" என்றார். அவர் மேல் குற்றமில்லை. "வேற ஏதாச்சும் மருந்து சாப்புடுறீங்களா?" என்று கேட்கத்தான் செய்தார். "இல்ல, மூலிகதான்" என்றார் பாட்டி. பொய் சொல்லத் தெரியாத மனுஷி தனக்கே தெரியாமல் டாக்டரிடம் பொய் சொன்னார். லேபிளின் பொய்யை அவர் வாய் திருப்பிச் சொன்னது.

அதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. நம்மில் படிக்காதவர்களுக்கும் ஒரு சோதனைக்கூடம் உண்டு, அவரவர் உடம்பு. 'சாப்ட்டுப் பாத்தேன், கேட்டுச்சு.' எந்த அமைச்சும் எந்த விளம்பரமும் என்ன சொன்னாலும் பாட்டி கடைசியில் நம்புவது தன் முட்டியைத்தான். அதில் நியாயம் இருக்கிறது. அந்தக் கலப்படம் தொட்டது அந்தச் சாட்சியைத்தான். வலி குறைந்தது உண்மை. 'ஆகவே இந்த மூலிகை நல்லது' என்று பாட்டி எடுத்த முடிவு பொய். அவர் சரியாகத்தான் யோசித்தார், தப்பான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார். ஒருவரை ஏமாற்ற அவருடைய சொந்த உடம்பையே பொய்ச்சாட்சியாக நிறுத்துவதை வேறெந்த வியாபார மோசடியோடும் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. பாட்டிக்கு ஒன்றுமே ஆகாமல் போயிருந்தாலும் இது அநியாயம்தான். அவர் எதற்குச் சம்மதித்தாரோ அது அவருக்குக் கொடுக்கப்படவில்லை. எது கொடுக்கப்பட்டதோ அதற்கு அவரை யாரும் கேட்கவில்லை. விடுவதற்குக்கூட அந்தப் பொய் வழிவைக்கவில்லை. அமைச்சின் எச்சரிக்கையைக் கேட்டு உடனே நிறுத்தியதுதான் அவரைப் படுக்க வைத்தது.

*

திருடப்பட்ட இன்னொன்று மூலிகை என்ற பெயர்.

லிட்டில் இந்தியாவில், மார்க்கெட் ஸ்திரீட் பக்கம், சின்ன வயதில் பாட்டியோடு நாட்டு மருந்துக்கடைக்குப் போயிருக்கிறேன். சுக்கு, மிளகு, திப்பிலி, கடுக்காய் என்று தராசில் நிறுத்துத் தாளில் மடித்துக் கொடுப்பார் கடைக்காரர். பொட்டலத்தில் லேபிள் கிடையாது. ஆனால் ஆயிரம் கேள்வி கேட்பார். யாருக்கு? வயசு என்ன? சீனி இருக்கா? பிள்ளைத்தாய்ச்சியா? பிறகு எதோடு கலந்து சாப்பிட வேண்டும், எதைச் சாப்பிடக் கூடாது என்று சொல்வார். பத்தியம் என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது ஓர் எச்சரிக்கைதானே. சித்த மருத்துவம் மருந்தை ஒருபோதும் சாது என்று நினைத்ததில்லை. சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் தொடக்கூடாது என்று சொன்ன மரபு அது. தாவரம், தாது, சீவம் மூன்றிலும் மருந்து எடுத்த மரபு. பாதரசத்தையும் பாஷாணத்தையும் கையாண்ட அந்த வைத்தியர்களிடம் போய் 'இயற்கை, அதனால் பக்கவிளைவே இல்லை' என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். அந்த வாசகம் மரபிலிருந்து வரவில்லை, விளம்பரத்திலிருந்து வந்தது.

ஸ்டீராய்டைக் கலந்தவருக்கு மூலிகையில் நம்பிக்கை கிடையாது. இருந்திருந்தால் மூலிகையை மட்டும் விற்றிருப்பார். நமக்கு மூலிகையின் மேல் இருக்கும் நம்பிக்கையில் மட்டும்தான் அவருக்கு நம்பிக்கை. இப்படிப்பட்டவர் பிடிபடும்போதெல்லாம் 'பாரம்பரிய மருத்துவத்தின் மேல் அரசு கைவைக்கிறது' என்று நம்மவர்கள் சிலர் கோபப்படுவதைப் பார்க்கிறேன். நியாயமாகப் பார்த்தால் முதல் புகார் நாட்டு மருந்துக்கடைக்காரரிடமிருந்தும் சித்த வைத்தியரிடமிருந்தும் வந்திருக்க வேண்டும். கொள்ளை போனது அவர்கள் வீடு.

அதற்காக அரசின் முத்திரையையும் இருக்கிறதைவிடப் பெரிதாக நினைக்கக் கூடாது. டி என்று முடியும் எண், இந்தப் பொருளின் தரத்தையும் பாதுகாப்பையும் பார்த்திருக்கிறோம் என்கிறது. இது உன் நோயைத் தீர்க்கும் என்று அது சொல்லவில்லை. பாரம்பரியமாக இதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்ற அளவில் நிற்கிறது. ஆனால் சந்தையில் 'அரசாங்கமே ஒத்துக்கிட்ட மருந்து' என்று அது மொழிபெயர்க்கப்படுகிறது. சொன்னது ஒன்று, காதில் விழுவது ஒன்று. இதுவும் ஒருவகைப் பொய் லேபிள்தானோ என்று சில நேரம் யோசிப்பேன்.

பொய் வந்த வழியும் திருத்தம் வந்த வழியும் வேறு வேறு. பொய் தமிழில் வந்தது, பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா என்று கூப்பிட்டு, முட்டியைத் தொட்டுப் பார்த்து. திருத்தம் மலாயில், அறிக்கையாக, சித்தியின் கைப்பேசி வழியாக வந்தது. 2024இல் இந்திய உச்ச நீதிமன்றத்தில் பதஞ்சலி விளம்பர வழக்கு நடந்தபோது, ராம்தேவும் பாலகிருஷ்ணாவும் பத்திரிகையில் மன்னிப்பு வெளியிட்டார்கள். உங்கள் விளம்பரங்கள் எவ்வளவு பெரிதாக வந்தனவோ அவ்வளவு பெரிதாக இந்த மன்னிப்பும் வந்ததா என்று நீதிபதிகள் கேட்டார்கள். மறுநாள் பெரிய அளவில் இன்னொரு மன்னிப்பு வந்தது. சிரிப்பு வரலாம், ஆனால் எனக்கு அது சரியான கேள்வியாகப் படுகிறது. உண்மை, பொய்யின் அளவுக்காவது இடம் எடுத்துக்கொள்ள வேண்டும். பினாங்கில் அதற்கு ஓர் உதாரணமும் இருக்கிறது. 1969இல் தொடங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல பத்தாண்டுகளாகத் தமிழிலும் எழுதிப் பேசி வந்திருக்கிறது. அமைச்சின் பட்டியலும் அப்படி இரவுச் சந்தை வரைக்கும் தமிழில் நடந்து வர வேண்டும்.

*

இதையெல்லாம் எழுதிவிட்டு ஒன்றை மறைத்தால் நானும் அந்த லேபிள் மாதிரிதான்.

இரண்டாவது புட்டியும் மூன்றாவது புட்டியும் நான் வாங்கிக்கொடுத்தவை. பாட்டிக்கு அந்த லேபிளைப் படிக்கத் தெரியாது. எனக்குத் தெரியும். இரண்டாவது புட்டியைத் திருப்பிப் பார்த்தேன். எம்ஏஎல் எண் இல்லை, ஹோலோகிராமும் இல்லை. இந்த எண்ணைப் பற்றி எனக்கு ஏற்கெனவே தெரியும். ஒரு நிமிஷம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்போது சமையலறையில் பாட்டி யார் கையையும் பிடிக்காமல் நடந்துகொண்டிருந்தார். நான் புட்டியை மேசை மேல் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டேன்.

வேலை செய்கிறதே, எதற்குக் கிளற வேண்டும் என்று நினைத்தேன். கலப்படம் செய்தவனின் கணக்கும் இதேதான். பலன் இருந்தால் யாரும் உள்ளே என்ன என்று கேட்க மாட்டார்கள். என் விஷயத்தில் அவன் கணக்கு தப்பவில்லை. சட்டம் அவனைப் பிடிக்கும். எனக்கு எந்த விதியும் கிடையாது.

அன்றைக்கு மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் பாட்டி அந்தப் பையை என்னிடம் நீட்டி, "என்ன போட்டிருக்குன்னு படி" என்றார். படித்தேன். பெயர், அளவு, எப்படிக் குறைப்பது. மருந்தாளர் சொல்லி அனுப்பியதையும் சொன்னேன். சீனி ஏறலாம், வயிறு புண்ணாகலாம், எலும்பு மெலியலாம், நீங்களாக நிறுத்தக் கூடாது.

"இவ்ளோ இருக்கா? அப்ப எனக்கு வேணாம்ப்பா" என்றார்.

"பாட்டி, இது எல்லாம் அதுலயும் இருந்துச்சு. அவன் சொல்லல. இவங்க சொல்றாங்க. அதான் வித்தியாசம்."

அவர் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். "நீ படிச்ச பிள்ளதானே. அப்பவே படிச்சிச் சொல்லியிருக்கலாம்ல" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு தண்ணீர் கேட்டார். மாத்திரையைப் போட்டுக்கொண்டார்.

முட்டி வலி திரும்பிவிட்டது. இப்போதெல்லாம் தண்ணீர்மலை அடிவாரத்தில் உட்கார்ந்தே கும்பிட்டுவிட்டு வருகிறோம். எந்த மருந்து வீட்டுக்கு வந்தாலும் முதலில் என்னிடம்தான் வருகிறது. கிளினிக் மாத்திரை, தைலம், சொந்தக்காரர்கள் ஊரிலிருந்து கொண்டுவரும் லேகியம், எல்லாவற்றையும் முழுசாகப் படித்துக் காட்டச் சொல்கிறார். எண் இருக்கிறதா என்று கேட்கிறார். பாதி நேரம் கேட்டு முடித்துவிட்டு, வேண்டாம் என்று வைத்துவிடுகிறார்.